மருதாசலம் ஓடாத பந்தயங்கள்

திட்டாதீர்கள் சார். போலீஸ்காரர் என்ன செய்வார்? மேலே சொன்னதைச் செய்கிறார். முக்கில் கயிறு கட்டியிருக்கிறார்கள், பாருங்கள். மாரத்தான் ஓடுகிறவர்கள் இந்தத் திருப்பத்தில் திரும்பித் திருச்சி ரோட்டைத் தாண்டி முடிக்கிற வரைக்கும் பஸ் நகராது. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார். அவர் அனுபவசாலி. நாமும் கொஞ்சம் சாய்ந்து உட்காரலாம்.

வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று இப்போது சொன்னீர்களே, அதில் எனக்குச் சிறிய மறுப்பு உண்டு. அந்தக் கூட்டத்தில் டாக்டர்கள் இருக்கிறார்கள், மில் முதலாளிகள் இருக்கிறார்கள். நானும் இருந்தேன். போன புதன்கிழமை முதல் இல்லை. எனக்கு இரண்டு வருடத் தடை. ஆமாம், ஓடக் கூடாது என்று தடை. இந்த பஸ்ஸில் தடை செய்யப்பட்ட ஓட்டக்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஊக்க மருந்தெல்லாம் கிடையாது. என் மேல் ஒரு புகார் போயிற்று. புகார் கொடுத்தவனும் நான்தான்.

இந்தப் பையை என் மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். உள்ளே பாட்டில் இருக்கிறது. சாய்ந்தால் ஒழுகும்.

என் பெயர் மருதாசலம். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். சர்வீஸ் முழுவதும் அடுத்தவர் எல்லையை அளந்து கல் நட்டவன். ஓர் அடி இப்படி அப்படிப் போனாலும் எனக்குச் சோறு இறங்காது. பேச்சிலும் கொஞ்சம் பாடப்புத்தக வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்ற வருடம் ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது, நடங்கள் என்றார் டாக்டர். நடப்பது எனக்கு என்ன புதிதா? ஓடினால் என்ன என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்த்துவிட்டு, ஓடுங்களேன் என்றார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் ஓடத் தொடங்கினேன்.

உடனே தொடங்கவில்லை. படிக்காமல் எதையும் தொடங்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஒரு மழைக்காலம் முழுக்கப் படித்தேன். பாதம் எப்படி விழ வேண்டும், மூச்சு எத்தனை அடிக்கு ஒரு முறை, ஈரலில் சர்க்கரை எவ்வளவு சேமிப்பில் இருக்கும், எல்லாம். மாரத்தான் வரலாறும் படித்தேன். ஒரு கிரேக்க வீரன் போர்ச் செய்தியோடு ஓடி வந்து, ஜெயித்துவிட்டோம் என்று சொல்லி விழுந்து செத்தான் என்பார்கள். அந்தப் போரைப் பற்றி முதலில் எழுதிவைத்தவர் அப்படி ஒரு சாவைக் குறிப்பிடவே இல்லை. பல நூற்றாண்டு கழித்து வந்தவர்கள்தான் அவனைச் சாகடித்தார்கள். இதை நான் எங்கள் குழுவில் விளக்கிச் சொன்னேன். ஜெகநாதன் பொங்கலை மென்றுகொண்டே, "அப்ப அந்தாளும் ரேஸுக்கு வரலீங்களா சார்?" என்றார்.

ஜெகநாதன் எங்கள் குழுவின் கேப்டன். கணபதியில் பம்ப் செட் பட்டறை வைத்திருக்கிறார். படிப்பு ஐ.டி.ஐ. வாய் மட்டும் பிஎச்.டி.

குழு என்றால் பத்துப் பதினைந்து பேர். ஞாயிறு விடியலில் பேரூர் ரோட்டில் நெடுந்தூரம் ஓடிவிட்டு, ஒரு மெஸ்ஸில் வந்து உட்காருவோம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வாரம் பந்தயத்தில் ஓடியவர் எழுந்து தன் நேரத்தைச் சொல்ல வேண்டும். சொன்னதும் எல்லோரும் மேசையைத் தட்டுவார்கள். ஓடாதவர் எழுந்து காரணத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு மேசையைத் தட்டமாட்டார்கள். நேரமோ காரணமோ, ஏதாவது ஒன்றைச் சொன்ன பிறகுதான் இலையில் பொங்கல் விழும். மெஸ்காரரும் இதைக் கற்றுக்கொண்டுவிட்டார். கரண்டியைப் பிடித்துக்கொண்டு நம் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

என் காரணங்கள் நன்றாக இருக்கும் என்று அவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

பயிற்சியில் என்னைக் குறை சொல்ல முடியாது சார். அட்டவணை போட்டு ஓடினேன். என் மனைவி தனபாக்கியம் ஸ்கூட்டரில் கூட வருவாள். நீண்ட தூரம் ஓடுகிறவனுக்கு அங்கங்கே தண்ணீர் வேண்டும், வெறும் தண்ணீர் போதாது. எலுமிச்சை, உப்பு, சர்க்கரை, கொஞ்சம் இஞ்சிச் சாறு. அளவெல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. கடையில் விற்கிற பொடியை நான் தொடமாட்டேன். ஸ்கூட்டரில் துணிப்பை தொங்கும், பையில் பாட்டில், பேரீச்சம்பழம், ஒரு துண்டு. முதல் வருடம் இப்படி.

இரண்டாம் வருடம் ஸ்கூட்டர் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மெக்கானிக் கையை விரித்துவிட்டான். பயிற்சியை நிறுத்த முடியுமா? அட்டவணை பாதியில் நிற்கிறது. நடந்து வந்து கொடு என்றேன். எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். நான் போய்ச் சேரும்போது அவள் அங்கே இருக்க வேண்டும். நான் நின்று காத்திருந்தால் நாடித் துடிப்பு இறங்கிவிடும், அதுவரை ஓடியதெல்லாம் வீண். இதை அவளுக்குப் படம் போட்டு விளக்கினேன். சரிங்க என்றாள்.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை. பேரூர் கோயில் வாசலில் தண்ணீர் கொடுப்பாள். நான் குடித்து, தொடையை இழுத்துவிட்டு, நாடி பார்த்துவிட்டுக் கிளம்புவதற்குள் ஆளைக் காணோம். காளம்பாளையம் போனால் அங்கே நிற்பாள், பாட்டில் மூடியைத் திறந்து கையில் பிடித்தபடி. மாதம்பட்டியில் பார்த்தால் மறுபடியும் நிற்பாள். நெற்றியெல்லாம் வியர்வையாக இருக்கும். வெயில் இவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொள்வேன். ஏதோ குறுக்கு வழியில் வருகிறாள் என்றும் நினைத்தேன். எந்தக் குறுக்கு வழி என்றுதான் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அந்தப் பக்கம் முழுக்க நான் சங்கிலி பிடித்து அளந்தவன்.

சேலையில் வந்துகொண்டிருந்தவள் ஒரு கட்டத்தில் சுடிதாருக்கு மாறினாள். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற வெள்ளை கேன்வாஸ் ஷூ ஒன்று வாங்கிக்கொண்டாள். செருப்பு தேய்கிறதாம்.

சரி, பந்தயங்களுக்கு வருகிறேன். அதைத்தானே கேட்டீர்கள்.

முதல் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தேன். முதல் நாளே போய் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். மார்பில் ஊக்கால் குத்திக்கொள்கிற தாள், பிப் என்பார்கள். அதற்குப் பின்னால் சிப் ஒட்டியிருக்கும். கோட்டைத் தாண்டினால் கணினியில் நம் நேரம் விழும். கூடவே ஒரு டி-ஷர்ட்டும் கொடுத்தார்கள். விரித்துப் பார்த்தால், வெற்றிகரமாக ஓடி முடித்தவன் என்று முதுகில் அச்சடித்திருக்கிறது. ஓடுவதற்கு முந்தின நாள். தாலி கட்டாமல் மறுவீட்டு விருந்து வைப்பார்களா? கொடுத்த பெண்ணிடம் கேட்டேன். எல்லாருக்கும் இதுதான் சார் என்றாள். கொள்கை அளவில் இதை ஏற்க முடியாது என்று நான் போகவில்லை. சட்டை மஞ்சள் நிறம். எனக்கே தொளதொள என்றிருந்தது.

இரண்டாவதுக்கு மழை அறிவிப்பு. பெய்யவில்லை என்பது வேறு விஷயம், அறிவிப்பு இருந்தது. மூன்றாவதுக்குக் கால் பெருவிரல் நகம். நான்காவது சமயத்தில் தாராபுரத்தில் தனபாக்கியத்தின் ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்குக் காரியம். அவர் முகம்கூட அவளுக்குச் சரியாக நினைவில்லை. "நீங்க ஓடுங்க, நான் போயிட்டு வந்துக்கறேன்" என்றாள். உறவு என்று ஒன்று இருக்கிறதே. நான்தான் போனேன். பயிற்சி விட்டுப்போகக் கூடாது என்று அவள் அன்றைக்கும் பேரூர் ரோட்டுக்குப் போனாளாம். யாருக்கு என்ன பயிற்சி என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஒவ்வொரு முறையும் மெஸ்ஸில் எழுந்து நின்று காரணத்தைச் சொன்னேன். விளக்கமாகச் சொன்னேன். ஒரு முறை நகத்தின் அமைப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மெஸ்காரர் பாதியிலேயே பொங்கலைப் போட்டுவிட்டார்.

ஐந்தாவதுதான் விவகாரம். ஏரியைச் சுற்றி ஓடுகிற பந்தயம், அரை மாரத்தான். இந்த முறை நான் முழு ஆயத்தம். உடம்பு சரி, நகம் சரி, வானம் சரி. ஆனால் பாதையின் மேல் எனக்கு ஒரு சந்தேகம். பழைய ஆபீஸில் சொல்லி அளவைச் சக்கரம் வாங்கி, அந்த வாரம் முழுக்க ஏரியைச் சுற்றித் தள்ளிக்கொண்டு போனேன். வளைவுகளில் உள் ஓரமாக அளக்க வேண்டும், அதுதான் முறை. அளந்தால், தூரம் குறைகிறது. சொன்ன தூரத்துக்குச் சில நூறு அடி பாக்கி. அமைப்பாளர்களிடம் போய்ச் சொன்னேன். அடுத்த வருடம் பார்க்கலாம் சார் என்றார்கள். குறைந்த தூரத்தை ஓடிவிட்டு முழுத் தூரம் ஓடினேன் என்று ஊருக்குச் சொல்ல நான் ஆள் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் அறிவித்துவிட்டேன். எண்ணும் ஊக்குகளும் மேசை மேலேயே கிடந்தன.

விடியலில் தனபாக்கியம் கட்டிலருகே வந்து நின்றாள். "ஏனுங்க, நீங்க போகலைன்னா நான் போயிட்டு வரட்டுங்களா? சும்மாதான கெடக்குது" என்றாள். போர்வைக்குள் இருந்து, போ என்றேன். தூக்கத்தில் சொல்கிற சொல்லுக்குச் சட்டப்படி மதிப்பு இல்லை.

ஏழு மணிவாக்கில் போன் ஒலித்தது. குறுஞ்செய்தி. வாழ்த்துகள் மருதாசலம், நீங்கள் ஐந்தாவது கிலோமீட்டரைக் கடந்துவிட்டீர்கள். நான் படுத்திருக்கிறேன். இயந்திரக் கோளாறு என்று நினைத்தேன். இன்னொன்று வந்தது. பத்தாவது கிலோமீட்டரையும் கடந்துவிட்டேன். எழுந்து போய்ப் பார்த்தால் மேசை மேல் எண் இல்லை, ஊக்கு இல்லை. வாசலில் கேன்வாஸ் ஷூ இல்லை. எனக்குக் காபி போட்டு மூடி வைத்திருந்தது. அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போது பதினைந்தைக் கடந்தேன். ஓடி முடித்தபோது செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

அவள் வந்தாள். குளித்தாள். இட்லி ஊற்றினாள். நீயா ஓடினாய் என்று கேட்டேன். "கேட்டுட்டுத்தானுங்க போனேன்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. எப்படி இருந்தது, கால் வலிக்கிறதா என்று நான் கேட்டிருக்கலாம் என்கிறீர்களா? அவள் சொல்லியிருக்கலாமே.

மதியம் ஜெகநாதன் வந்தார், கையில் ஒரு கோப்பையோடு. அறுபது வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் பிரிவில் மூன்றாம் பரிசு, மருதாசலம். மேடையில் கூப்பிட்டார்களாம், ஆள் இல்லையாம், இவர் வாங்கி வந்திருக்கிறார். குழுவில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். ஏரிக்கரையில் அவளைப் பார்த்துக் கைதட்டியவர்களே அவர்கள்தானே. தெரிந்துகொண்டே என் கையில் கோப்பையைக் கொடுத்து, "கங்கிராட்ஸ் சார்" என்று கையைக் குலுக்கினார்.

அடுத்த ஞாயிறு மெஸ்ஸில் என் முறை வந்தது. எழுந்தேன். எழுந்த பிறகுதான் எனக்கே உறைத்தது, எதைச் சொல்வது? நேரமும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. இந்த வழக்கத்தை உண்டாக்கியவர்கள் இப்படி ஒரு நிலைமையை யோசிக்கவே இல்லை. மெஸ்காரர் கரண்டியோடு நிற்கிறார். ஜெகநாதன் சொன்னார்:

"ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம், உக்காருங்க சார். நீங்க வராத ரேஸ்லதான் நீங்க நல்லா ஓடிருக்கீங்க."

மேசையைத் தட்டினார்கள் சார். எனக்காக அந்த மேசையை அவர்கள் தட்டியது அந்த ஒரு முறைதான்.

அதற்கடுத்த வாரம் தனபாக்கியத்தை அழைத்துவரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். அவள் போனாள். எழுந்து, குனிந்த தலையோடு, தன் நேரத்தைச் சொன்னாளாம். மேசையைத் தட்டிய வேகத்தில் சாம்பார் வாளி கவிழ்ந்ததாம். நான் அந்த வாரம் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை.

நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது. பொறாமை என்று நினைக்கிறீர்கள். இல்லை. அவளுக்கு ஓட்டம் எங்கிருந்து வந்தது? என் அட்டவணை, என் எலுமிச்சைத் தண்ணீர். ஒரு விதத்தில் அது என் ஓட்டம்தான். கணினியிலும் அப்படித்தானே இருந்தது. நான் கவலைப்பட்டது உண்மையைப் பற்றி. தெருவில் வருகிறவன் போகிறவனெல்லாம், என்ன சார் பரிசாமே என்கிறான். எத்தனை பேருக்கு விளக்குவது?

அதையும் பொறுத்துக்கொண்டேன். போன மாதம் ஒரு நாள், கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி, முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன் என்றாள். தன் சொந்தப் பெயரில். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது, ரத்தம் குறைவு, வலது முழங்காலில் பழைய வலி. அந்த வயதுப் பெண்களின் எலும்பைப் பற்றி நான் படித்ததையெல்லாம் உட்கார வைத்துச் சொன்னேன். அவரைக்காய் உரித்துக்கொண்டே கேட்டாள். உரித்து முடித்துவிட்டு, "நீங்க அஞ்சு தடவ பேர் கொடுத்தீங்க. நான் ஒருக்கா கொடுத்துக்கறேனுங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

ஏரிப் பந்தயமும் இன்றைய பந்தயமும் ஒரே அமைப்புதான் நடத்துகிறது. விதிமுறைகளை எடுத்துப் படித்தேன். ஒருவர் எண்ணில் இன்னொருவர் ஓடினால் இரண்டு வருடத் தடை என்று இருந்தது. போன் செய்தேன். தனபாக்கியம் என்கிற பெண் மருதாசலம் என்கிற ஆணின் எண்ணை அணிந்து ஓடிப் பரிசும் பெற்றிருக்கிறார், தக்க நடவடிக்கை தேவை என்றேன். பேசுவது யார் என்றார்கள். உண்மையில் அக்கறை உள்ள ஒருவன் என்றேன். "மருதாசலம் சார்ங்களா? உங்க நம்பர் எங்ககிட்ட இருக்குதுங்க" என்றான் போனை எடுத்த பையன்.

புதன்கிழமை அமைப்பில் இருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். நான் விதியை வாசித்துக் காட்டினேன். அவர்கள் அடுத்த வரியையும் வாசிக்கச் சொன்னார்கள். அடுத்த பக்கத்தில் இருந்தது, நான் திருப்பவில்லை. தடை, எண்ணுக்கு உரியவருக்கு. அதாவது தன் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளாமல் பிறர் கையில் போகவிட்டவருக்கு. ஓடியவருக்கு அந்தப் பந்தயத்தின் முடிவு ரத்தாகும், அவ்வளவுதான். ரத்தாக அவள் பெயரில்தான் முடிவே இல்லையே.

தனபாக்கியம் மோர் கொண்டு வந்தாள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. அவளாகவே, "நான்தானுங்க ஓடினது. தப்புத்தான். வாங்கறப்பவே திருப்பிக் குடுத்திருக்கோணும்" என்றாள். உள்ளே போய்க் கோப்பையை எடுத்து வந்தாள். நான் அதை அலமாரியில் முகம் திருப்பி வைத்திருந்தேன். அவள் ஒரு துணியில் சுற்றி வைத்திருக்கிறாள், எப்போது எடுத்தாளோ. நாலாவதாக வந்தவருக்கு இதைக் கொடுத்துவிடுங்கள் என்றாள். வந்தவர்களில் பெரியவன் எழுந்து நின்று வாங்கிக்கொண்டான். "ஞாயித்துக்கெழம நல்லா ஓடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு அவளிடம் விடைபெற்றான். என்னிடம் அடையாள அட்டை கேட்டான்.

நான் ஒன்றும் கலங்கவில்லை. தடையை எழுத்தில் கொடுங்கள், முத்திரையோடு கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். இனி இரண்டு வருடத்துக்கு எவனும் என்னை எழுப்பி நிறுத்திக் காரணம் கேட்க முடியாது. அந்த அளவில் எனக்கு நிம்மதிதான்.

அவர்கள் போன பிறகு தனபாக்கியம் டம்ளர்களை எடுத்தாள். எடுத்துக்கொண்டே, "போன் பண்ணுனது நீங்கதானுங்களா?" என்றாள்.

உன் நல்லதுக்குத்தான் என்றேன்.

டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். பிறகு சொன்னாள்: "செரி. எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. முப்பத்தஞ்சாவது கிலோமீட்டர்ல வந்து தண்ணி குடுங்க. அவங்க வெக்கிற பவுடர் தண்ணி எனக்குக் கொமட்டுது. நம்ம தண்ணி. அது வந்துட்டாப் போதும், நான் முடிச்சுருவேன். வேறெதுவும் உங்களக் கேக்க மாட்டேன்."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் கேட்டது குறைவு. கணக்குப் பார்த்தால் இதுதான் முதல் தடவையோ என்னவோ. சரி என்றேன்.

மூன்று நாளாகப் பத்து தடவை ஞாபகப்படுத்துவாள் என்று பார்த்தேன். ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். நான் வருவேன் என்று நினைத்துச் சும்மா இருந்தாளா, வரமாட்டேன் என்று நினைத்தா, தெரியவில்லை.

இன்று விடியற்காலை அவள் குழுவோடு வேனில் போய்விட்டாள். நான் எழுந்து நானே தயாரித்தேன். எலுமிச்சையைக் கொட்டை இல்லாமல் வடிகட்டினேன். உப்பைத் தராசில் வைத்து நிறுத்தேன். கலக்கிக் குடித்துப் பார்த்துவிட்டு, இஞ்சி போதாமல் இன்னும் கொஞ்சம் இடித்தேன். சிங்காநல்லூரைத் தாண்டி அந்த முப்பத்தைந்தாவது கல் நட்டிருக்கிற இடத்துக்கு நேரத்துக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தேன். வராமல் இருக்கவில்லை, கவனியுங்கள். வந்தேன்.

வந்து பார்த்தால் அங்கேதான் குழு மொத்தமும் நிற்கிறது. தப்பட்டை செட் ஒன்று வைத்து அடிக்கிறார்கள். பெரிய பேனர். அதில் தனபாக்கியம் அக்கா என்று அவள் பெயர், அவள் படம். ஜெகநாதன் என்னைப் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு அடிக்கிறவர்களை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். "டேய், சாரே வந்துட்டாருடா. அப்ப இன்னிக்கு ரேஸ் கேன்சலாடா?"

என்ன சிரிப்பு சார். ரோட்டோரத்தில் நின்றவர்கள், என்னை யாரென்றே தெரியாதவர்கள், அவர்களும் சிரித்தார்கள். கையில் பாட்டிலோடு நிற்கிறேன். இந்த பஸ் வந்து நின்றது. ஏறிவிட்டேன்.

அங்கங்கே தண்ணீர்ப் பந்தல் வைத்திருக்கிறார்கள். இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்று. இந்த ஒரு பாட்டில் இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது.

அங்கே என்னைத் தேடியிருப்பாளா என்றா கேட்கிறீர்கள்? தேடியிருப்பாள். அவள் நின்று தேடுகிற ஆள் இல்லை, ஓடிக்கொண்டே தேடியிருப்பாள். நின்றால் நாடி இறங்கிவிடும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது வருகிறவர்களைப் பாருங்கள், பாதிப் பேர் நடக்கிறார்கள். இந்தக் கட்டத்தில்தான் ஈரலில் இருக்கிற சர்க்கரை தீர்ந்துபோகும். கால் தன்னுடையதாக இருக்காது. இது எனக்கு நன்றாகத் தெரியும். படித்திருக்கிறேன்.

அதோ.

மஞ்சள் சட்டை. கட்டடத்து நிழலை ஒட்டி வருகிறாளே. அது என் சட்டை சார். முதல் பந்தயத்தில் கொடுத்தது, சொன்னேனே, தொளதொள என்று. அதைப் போட்டுக்கொண்டா ஓடுகிறாள்? முதுகில் எழுதியிருப்பதை இன்றைக்குள் உண்மையாக்கிவிடுவாள் போல. முகம் வெளுத்திருக்கிறது. உதட்டைப் பாருங்கள்.

இல்லை சார், நான் இறங்கவில்லை. விசில் ஊதிவிட்டால் பஸ் கிளம்பிவிடும். டிக்கெட் வாங்கியிருக்கிறேன். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பையை விடுங்கள். சார், பையை விடுங்கள், எல்லோரும் பார்க்கிறார்கள்.

ஜன்னல் வழியாகவா கொடுக்கப் போகிறீர்கள்?

இருங்கள். மூடியைத் திறந்து கொடுங்கள். இந்த நேரத்தில் அவளுக்கு விரல் மடங்காது. அடியில் பிடித்து நீட்டுங்கள், கழுத்தை அவள் பிடிக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் வெளியே. நான் இங்கே கீழே பார்த்துக்கொள்கிறேன், செருப்பு வார் கழன்றுவிட்டது.

வாங்கிக்கொண்டாளா?

என்ன சொன்னாள்? ரொம்ப நன்றிங்ணா என்றாளா. அது உங்களுக்கு.

குடிக்கிறாளா? ஒரு வாய் குடித்துவிட்டு நின்றுவிட்டாளா? ஏன் நிற்கிறாள்? பஸ்ஸைப் பார்க்கிறாளா? எந்த ஜன்னலைப் பார்க்கிறாள்? இல்லை சார், நான் நிமிரவில்லை, இந்த வார் சரியாகிற வழியாக இல்லை. இன்னும் பார்க்கிறாளா?

போய்விட்டாளா. ஓடுகிறாளா, நடக்கிறாளா? ஓடுகிறாள். நல்லது. கொஞ்சம் கவனித்துச் சொல்லுங்கள், தரையில் முதலில் எது படுகிறது, குதிகாலா, முன்பாதமா? குதிகாலா. எனக்குத் தெரியும். எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் அவளுக்கு.

விசில் ஊதிவிட்டார்கள். கயிற்றை அவிழ்க்கிறார்கள், இனி ஒன்றும் தடை இல்லை. இந்த பஸ் எங்கே சார் போகிறது? கடைசி நிறுத்தம் என்றுதான் டிக்கெட் கேட்டேன். பல்லடமா? பல்லடத்தில் எனக்கு யாரையும் தெரியாது. பரவாயில்லை, திரும்பி வர பஸ் இருக்கும்.

சாயங்காலம் கேட்பாள். கேட்கமாட்டாள், ஆனால் நான் சொல்ல வேண்டும். தண்ணீரோடுதான் வந்தேன், பஸ்ஸை வழியில் நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லலாம். அதில் பொய் ஒன்றும் இல்லையே. நிறுத்தினார்கள்தானே, நீங்களே பார்த்தீர்கள்.